கேக் உப்பும்வரை

அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் அவசரக்குடுக்கை என்று பெயர். யார் அப்படிக் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் திரும்பிப் பார்ப்பாள். பேக்கரிப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே வியாதி. ஓவனில் கேக்கை வைத்த கையோடு கதவைத் திறந்து பார்ப்பது. குளிர்ந்த காற்று உள்ளே புகுந்ததும், பாதி உப்பிய கேக் மனசு விட்டுப்போனதுபோல நடுவில் அமுங்கிவிடும். செய்முறைத் தேர்வில் இரண்டு முறை அப்படித்தான் கோட்டைவிட்டாள். இதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"அதுக்கெல்லாம் வீட்டுல விடமாட்டாங்க டீச்சர்" என்று அவள் ஆசிரியையிடம் சொன்னாள்.

அவர் செய்த வைத்தியம் எளிது. ஓவனுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் கை நீண்டால் கரண்டியால் செல்லமாக ஒரு தட்டு. கேக்குகள் தலையணை மாதிரி எழுந்தன. ஒரு நாள் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டு வந்தால், கேக் சப்பட்டையாகக் கிடந்தது.

"நீங்கதான் இல்லையே டீச்சர்" என்றாள் அவள், ஏதோ குற்றம் அவருடையது என்பதுபோல.

ஆசிரியை யோசித்தார். தேர்வு அறைக்குள் அவருக்கு இடமில்லை. இத்தனை நாளும் வேகவைத்தது கேக்கை மட்டும்தான் என்று தோன்றியது.

மறுநாள் ஸ்டூலைத் தூக்கி வராந்தாவில் போட்டுக் கதவைச் சாத்தினார். சாத்தினாரே தவிர, உட்கார முடியவில்லை. கதவில் சின்னக் கண்ணாடி ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். அடுத்த தரம் எட்டிப் பார்த்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவசரக்குடுக்கையின் மூக்கு. கதவு திறந்தது.

"வெந்துடுச்சான்னு பாக்குறீங்களா டீச்சர்?"

"கேக்கையா?"

"என்னை."

ஆசிரியைக்குக் காது சூடானது.

"நீங்க எட்டிப் பாக்குறப்ப, நான் எப்படியும் திறந்துடுவேன்னு முடிவே பண்ணிட்ட மாதிரி இருக்கு. அப்புறம் கை சும்மா இருக்குமா?"

"சரி, நான் போறேன்."

"எங்க?"

"அது எதுக்கு உனக்கு? ஓவனைப் பாரு. இல்ல, பாக்காத."

அன்றும் கேக் அமுங்கியது. ஆசிரியை ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலிருக்கப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

தேர்வன்று ஸ்டோர் அறையில் மாவு மூட்டைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார்.

"உட்காருங்க டீச்சரம்மா. என் தரை தேஞ்சிடப்போகுது" என்றார் ஸ்டோர்காரர்.

"ஒரு வாசனையும் வரலையே அண்ணே."

"இப்பதானே உள்ள போனாங்க."

உட்கார்ந்தவர் வாசனை வந்ததும் எழுந்தார். வராந்தா வரை போய், கதவுக் கண்ணாடியை எட்டுவதற்கு முன்னாலேயே திரும்பிவிட்டார்.

வெகு நேரம் கழித்து அவள் வந்தாள். விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன.

"என்னடி கை இது?"

"பாத்திரம் கழுவினேன் டீச்சர். கை நிறைய சோப்பு இருந்தா கதவைத் தொட முடியாதில்ல? என் பாத்திரம் தீந்ததும் மத்தவங்களோடதையும் கழுவினேன். அதுவும் தீந்துபோச்சு. கழுவினதையே திரும்பக் கழுவினேன்."

"கேக்கு?"

"தண்ணி சத்தத்துல ஓவன் மணி அடிச்சது காதுல விழல. ஓரம் கொஞ்சம் கருகிடுச்சு. நடுவுல அமுங்கல. பாஸ் போட்டுட்டாங்க."

ஆசிரியை சொல்லிக்கொடுத்த எத்தனையோ உபாயங்களில் சோப்பு இருந்ததில்லை. தேறினால் சொல்ல ஒன்றும் தவறினால் சொல்ல ஒன்றுமாக இரண்டு அறிவுரைகளைத் தயாராக வைத்திருந்தார். இரண்டையும் விழுங்கிக்கொண்டார்.

"எங்க அது? கொண்டா, அண்ணனுக்கும் ஒரு துண்டு வெட்டு."

"ஆறட்டும் டீச்சர்" என்றாள் அவள், மூட்டைமேல் உட்கார்ந்தபடி. "சுடச்சுட வெட்டினா உதிர்ந்துடும்."