சுத்தமான நகம்

சவப்பெட்டியை வீட்டுக்குள் இறக்கி மூடியைத் திறந்ததும் கஸ்தூரி அண்ணன் வசந்தனின் கழுத்தைத்தான் பார்த்தாள். பாராங் கத்தி மூன்று முறை இறங்கிய இடம். பிணவறையில் சாக்குத் தைப்பதுபோல் தைத்து அனுப்பியிருந்தார்கள். கொள்ளி வைக்க வேண்டிய மகன் ஜீவன் மூன்று நாளாக பொந்தியான் லோக்கப்பில் இருந்தான்.

வாசலில் வந்து நின்ற இன்ஸ்பெக்டர் மதிவாணனை அண்ணி மறித்தாள்.

"என் மகன எப்ப விடுவீங்க சார்?"

"அம்மா, ரிப்போர்ட் வந்திருச்சு. உங்க வீட்டுக்காரர் எதிர்த்து நிக்கவே இல்ல. நகத்துக்குள்ள தோல் இல்ல, ரத்தம் இல்ல, சுத்தமா இருக்கு. பின்னால வந்து நின்னவன் தெரிஞ்ச ஆளு, அதான் அசையாம இருந்திருக்காரு. முதல் நாள் அப்பனும் மகனும் ரோட்டுல அடிச்சுக்கிட்டத பெக்கான் நானாஸ் ஊரே பாத்திருக்கு."

"அப்பன் புள்ள அடிச்சுக்காத வீடு எங்க சார் இருக்கு?"

முப்பது வருடம் அன்னாசி வெட்டியவனுக்கு எப்படி நகம் சுத்தமாக இருக்கும்? கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் அன்னாசித் தோட்டக்காரர்கள். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. கஸ்தூரிக்கு மட்டும் காரணம் தெரியும்.

கொலை நடந்த அன்று காலை தோட்டக் கொட்டகைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனவள் அவள். குப்புறக் கிடந்தவனைப் புரட்டியபோது உடம்பு திரும்பியது. தலை பிறகுதான் திரும்பியது. ஈ மொய்த்தது. புருஷன் சுகுமாரனுக்கு ஃபோன் போட்டாள். அவன் போலீஸோடு வர அரைமணி நேரம் ஆனது. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம்: செத்தவரை அடுத்தவர் பார்க்கும் முன் சுத்தம் செய்துவிட வேண்டும். லாரியில் நசுங்கிய அப்பாவை அம்மா அப்படித்தான் கழுவினாள். கஸ்தூரியும் தண்ணீர் மொண்டு வந்தாள். முகத்தைத் துடைத்தாள். இறுகியிருந்த வலது கையை விரல் விரலாகப் பிரித்தாள். நகங்களுக்குள் சிவப்பாக, சதைபோல ஏதோ அப்பியிருந்தது. கட்டையாக இரண்டு மயிர். அன்னாசி நார் என்று நினைத்து ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்து, தண்ணீரை ஊற்றிவிட்டாள். போலீஸ் கேட்டபோது, முகத்தை மட்டும் துடைத்ததாகச் சொன்னாள்; உண்மையைப் புருஷனிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

இப்போது அவள் எழுந்தபோது சுகுமாரன் கையைப் பிடித்தான்.

"எங்க போற? வாய மூடிட்டு உக்காரு லா. தடயத்த அழிச்சேன்னு ஒன்னையும் உள்ள தூக்கிப் போடுவான்."

"உள்ள இருக்கறது நான் தூக்கி வளத்த புள்ள."

சொன்னாள். ஈர்க்குச்சி முதல் மயிர் வரை எல்லாவற்றையும் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். முடிப்பதற்குள் அண்ணி அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து முகத்தில் அறைந்தாள். உதடு கிழிந்தது.

"கொன்னவன நீதான்டி கழுவி விட்டுட்ட! எவன்டி அவன்? யாருக்காகடி கழுவுன?"

நான்கு பேர் சேர்ந்து பிரித்தார்கள். மதிவாணன் கஸ்தூரியின் கைகளைப் பார்த்தபடி இருந்தான்.

"அதுக்கப்புறம் எத்தன தடவ கை கழுவுனீங்க, அக்கா?"

"சமைச்சேன், குளிச்சேன்... நூறு தடவ இருக்கும் சார்."

"ஒன்னும் கெடைக்காதுன்னு வைங்க. இருந்தாலும் பாத்துருவோம். ஆனா ஒன்னு, எதிர்த்து நிக்கவே இல்லன்னு இனிமே நாங்க எழுத முடியாது."

"ஜீவன விட்ருவீங்களா?"

அவன் ஃபோனை எடுத்துக்கொண்டு மழையில் நின்ற காருக்குப் போனான்.

தடயவியல் பெண் ஒருத்தி வந்து, கஸ்தூரியின் இரு கைகளையும் பழுப்புக் காகிதப் பைகளுக்குள் விட்டு மணிக்கட்டில் ஒட்டினாள்.

"எடம் மாறி உக்காந்துக்கலாம். எதையும் தொட்டுறாதீங்க ஆண்ட்டி. ஸ்டேஷன்ல வச்சுதான் நகத்துல சாம்பிள் எடுக்கணும்."

உள்ளே வாய்க்கரிசிக்கு அழைத்தார்கள். அண்ணி போட்டாள். "கூடப் பொறந்தவ எங்க?" என்று யாரோ கேட்டார்கள். கஸ்தூரி பெட்டியருகே போய் நின்றாள். அரிசித் தட்டை நீட்டிய கிழவி காகிதப் பைகளைப் பார்த்துத் திகைத்தாள்.

அண்ணி தட்டிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளினாள். இன்னொரு கையால் கஸ்தூரியின் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல், இரண்டாம் முறையாக அரிசியைப் போட்டாள்.