ரஞ்சனியின் நீலம்

ரஞ்சனி பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தபோது அப்பா பரசுராமன் கண் திறந்தார்.

“நீலம் இன்னாம்மா ஆச்சி?”

மெட்ராஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் மூன்று வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிசாகப் பூசிய கரிமப் பொருள், மின்சாரம் பாய்ந்ததும் தானே ஒளிவிட வேண்டும். பச்சையும் சிவப்பும் மற்றவர்களுக்கு வந்துவிட்டன. நீலம்தான் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை.

“எரியுதுப்பா. கொஞ்ச நேரத்துல பூச்சு கல்கண்டு மாதிரி பொரிஞ்சி, அணைஞ்சிடுது.”

“அப்போ?”

“புதுசா ஒண்ணு செஞ்சிருக்கேன். அணுக்கூட்டம் ஒண்ணோட ஒண்ணு நெருங்கி அடுக்க முடியாதபடி ரெண்டு பக்கமும் கை மாதிரி கிளை வெச்சிட்டேன். கண்ணாடியில ஊத்தி ஒரு மாசமாச்சு, பொரியல. இது நிக்கும்.”

“நிக்குமா?”

“நிக்கும்பா.”

அவர் தலையசைத்தார். ஆறுதலுக்காகப் பொய் சொல்லும் பெண் இல்லை என்று அவருக்குத் தெரியும். வெயில் தாழ்வதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

வடக்குப்பட்டு ஏரிக்கரையில் அண்ணன் புருஷோத்தமன் கொள்ளி வைத்தான். மறுநாள் பால் தெளித்துத் திரும்பியவன், அவள் பையில் துணி அடுக்குவதைக் கண்டான்.

“எங்க கெளம்பிட்ட?”

“கூடத்துல பூச்சு போடுற மெஷின் நாளைக்கு என் முறைண்ணா. வுட்டா இனி தை மாசம்தான். கருமாதிக்கு முந்தின நாளே வந்துடுவேன்.”

“எழவு வூட்ட வுட்டுட்டுப் பொண்ணு போயிட்டான்னு ஊருல பேசுவாங்க.”

“பேசட்டும்.”

“அதுக்குள்ள அந்த நீலம் இன்னா ஓடியா பூடும்?”

“ஜப்பான்ல எவனாச்சும் செஞ்சிடுவான். நான் செய்யணும்.”

புருஷோத்தமன் சுவரோரம் படுத்திருந்த அம்மாவிடம் திரும்பினான். “கேட்டியா? நீ இன்னா சொல்ற?”

சுந்தராம்பாள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“பஸ்ஸு எத்தினி மணிக்கு?”

அவன் போய் சைக்கிளை எடுத்தான். ஒரகடம் கூட்டுரோடு வரைக்கும் அவளைப் பின்னால் உட்காரவைத்து மிதித்தான். வாலாஜாபாத்திலிருந்து வந்த தாம்பரம் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். அந்தப் பக்கம் வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. தோளில் கிடந்த துண்டை உருவி, எட்டி, ஜன்னல் கம்பியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினான். இழுத்துப் பார்த்துக்கொண்டான்.

பஸ் கிளம்பியது. துண்டை விலக்கி அவள் எட்டிப் பார்த்தபோது, மழித்த தலையில் உள்ளங்கையைக் கவிழ்த்தபடி, நடுரோட்டில் அவன் இன்னும் நின்றிருந்தான்.