லூலேயின் தூக்கம்

முதலில் திலே அதை வயிற்றுக் கோளாறு என்றுதான் நினைத்தாள். மலைப்பாதையின் மேல் வளைவில் அவளும் புருஷன் பாஷ்க்கும் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் ஒரு கூண்டு, அதற்குள் லூலே என்கிற கரடி. அது சோள ரொட்டியைத் தொடவில்லை. பீர் பாட்டிலைக் காட்டினாலும் திரும்பவில்லை. சாக்கு, சோளத்தட்டை, எவனோ எறிந்துவிட்டுப் போன கம்பளிச் சட்டை எல்லாவற்றையும் மூலைக்கு இழுத்துக் குவித்து, நடுவில் பள்ளம் பறித்துக்கொண்டிருந்தது. சிமெண்டுத் தரையில் என்ன பள்ளம் பறிப்பது? நகம் தேய்ந்ததுதான் மிச்சம்.

லூலேயைக் குட்டியாக வேட்டைக்காரர்களிடம் வாங்கியவர் பாஷ்க்கின் அப்பா. கொட்டுச் சத்தம் கேட்டால் இரண்டு காலில் எழுந்து சுற்ற வேண்டும், சுற்றினால் ஒரு பீர் என்று பழக்கிய மகானும் அவரே. அவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். கடையின் பலகையில் நல்ல பெயர் ஒன்று இருந்தாலும் எல்லோருக்கும் அது கரடிக்கடைதான். திலே கல்யாணமாகி வந்ததும் குட்டி வந்த அதே வருடம். குளிர்காலம் முழுக்க லாரிக்காரர்கள் வந்து பாட்டில் நீட்டிக்கொண்டே இருந்ததால் லூலே ஒரு குளிர்காலம்கூடத் தூங்கியதில்லை. லாரிக்காரர்களுக்குச் சூப் ஊற்றிக்கொண்டே இருந்த திலேயும் தூங்கியதில்லை.

பனி உருகியதும் லூலேயைக் காட்டுக் காப்பகத்துக்குக் கொண்டுபோக ஏற்பாடாகியிருந்தது. அங்கே இருக்கும் கால்நடை டாக்டர் மிரேலாவுக்குத் திலே போன் போட்டாள்.

"டாக்டர், அவ சாகக் கெடக்குறா."

மறுமுனையில் சிரிப்பு. "சாகல அக்கா, தூக்கம் வருது. காட்டுல இருந்தா இந்நேரம் குகைக்குள்ள சுருண்டிருப்பா. இங்க வர்ற கரடிங்களுக்கு அதுதான் மறந்துபோயிருக்கும். சிலதுக்குத் திரும்ப வர்றதே இல்ல. உங்க ஆளு தானா ஆரம்பிச்சிருக்காளே! வைக்கோல் போடுங்க. சாப்பிட எதுவும் குடுக்காதீங்க. சத்தம் கூடவே கூடாது. எழுப்பிவிட்டு பீரும் ருசி காட்டிட்டா, அப்புறம் இந்த வருஷம் அவ்வளவுதான்."

திலே வைக்கோல் போட்டாள். கூண்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினாள். கரடி எங்கே என்று கேட்ட லாரிக்காரர்களிடம் செத்துப்போச்சு என்று கூசாமல் சொன்னாள். ஒருவன் தொப்பியைக் கழற்றி மரியாதைகூடச் செய்தான். பாத்திரம் கழுவிவிட்டு வந்து தார்ப்பாயில் காதை வைத்துக் கேட்பாள். மூச்சு ஒன்று வரும். அடுத்தது வருமா வராதா என்று பயந்து நிற்கும்போது அதுவும் வரும். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொறாமையும் இல்லாமலில்லை.

அப்படியிருக்கும்போதுதான் பாஷ்க் வாயைக் கொடுத்துவிட்டு வந்தான். அவன் தாய்மாமன் நிகோல் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பெண்ணை அழைத்துக்கொண்டு வரும் ஊர்வலம் கரடிக்கடையில் நின்று, லூலே ஆடுவதைப் பார்த்துவிட்டுப் போகும் என்று வாக்கு.

"யாரைக் கேட்டு வாக்குக் குடுத்தீங்க?"

"தாய்மாமன் கேக்குறாரு. தூங்குதுன்னு சொல்லவா? ஊரே சிரிக்கும். அரைமணி நேரம் ஆடிட்டு மறுபடி தூங்கட்டுமே, யாரு வேண்டாங்குறா?"

"உங்க அப்பா பழக்குன புத்தி!"

"அப்பாவை இழுக்காத."

அந்த மலையில் கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்குவது கிடையாது. பெண்ணழைக்கப் புறப்பட்ட கூட்டம், மணமகனே செத்தாலும் திரும்பாது. திலேவுக்கு இது நன்றாகத் தெரியும். அவளை அழைத்து வந்த கூட்டமும் இடுப்பளவுப் பனியில் ஊர்ந்து வந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழ்வளைவில் கொட்டுச் சத்தம் கிளம்பியது. கூடவே நாயனம், ஹாரன், வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி வெடி. திலே கையைத் துடைத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்து, புருஷனுக்கு முன்னால் நின்றாள். ஆம்பளை நிற்க வேண்டிய இடம் அது.

கார்கள் நின்றன. நிகோல் இறங்கினார். பின்னாலேயே கொட்டுக்காரன்.

"என்ன மருமகளே, வாசல்ல நீ நிக்குற? என் மருமகன் சேலை கட்டிக்கிட்டானா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாஷ்க்கின் முகம் சிவந்துபோனது.

"மாமா, மெதுவாப் பேசுங்க. வீட்டுல விருந்தாளி தூங்குறாங்க."

நிகோலின் சிரிப்பு சட்டென்று நின்றது. கொட்டுக்காரனைப் பார்த்துக் கையை உயர்த்தினார், கொட்டு நின்றது. விருந்தாளி என்றால் அந்த மலையில் விளையாட்டு இல்லை. அப்பனைக் கொன்றவனே விருந்தாளியாக வந்து படுத்தாலும் காவல் இருக்க வேண்டியதுதான்.

"யாரு?"

"லூலே."

மறுபடி சிரிப்பு எழுந்தது. நிகோல் மட்டும் சிரிக்கவில்லை. "கிண்டல் பண்றியா?"

"எங்க கூரைக்குக் கீழ என் கையால சாப்பிட்டவ. பனி உருகினதும் கிளம்பிடுவா. அதுவரைக்கும் யாரும் எழுப்ப மாட்டாங்கன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"பொம்பளை வாக்கு. அதுவும் கரடிக்கு!" என்றான் ஒருவன்.

"ஆமா, கரடிக்குத்தான். அவரு உங்களுக்குக் குடுத்தாரு, நான் அவளுக்குக் குடுத்தேன். எதை மிதிச்சுட்டுப் போறதுன்னு நீங்களே சொல்லுங்க மாமா."

நிகோல் மீசையை இழுத்துக்கொண்டே நின்றார். தார்ப்பாய் இருந்த பக்கம் பார்த்தார், மருமகளைப் பார்த்தார்.

"விருந்தாளின்னு இத்தனை பேர் முன்னால சொல்லிட்டா. அதுக்கப்புறம் நான் கொட்டடிச்சா என் வீட்டுல எவன் சாப்பிட வருவான்? ஏறுங்கடா. கீழ இறங்கற வரைக்கும் எவனாவது ஹாரன் அடிச்சா கையை ஒடிப்பேன். பாஷ்க், நீ குடுத்த வாக்கை நான் திருப்பிக் குடுத்துட்டேன்."

கல்யாண ஊர்வலம் எழவு வீட்டுக்குப் போவதுபோல ஓசையில்லாமல் போனது. மணப்பெண் மட்டும் கண்ணாடி வழியாகத் திலேயைப் பார்த்துக்கொண்டே போனாள்.

திலேவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தாய்மாமனையே மடக்கிவிட்டாள்! யாருக்குச் சொல்வது? லூலேயிடம்தான். பின்பக்கம் ஓடிப்போய்த் தார்ப்பாயின் ஓரத்தை விலக்கினாள்.

லூலே எழுந்து இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தது. கண் பாதிகூடத் திறக்கவில்லை. முதுகிலெல்லாம் வைக்கோல். தடுமாறித் தடுமாறிச் சுற்றிக்கொண்டிருந்தது. கீழ்வளைவில் கொட்டு கிளம்பியபோதே அதுவும் எழுந்திருக்க வேண்டும். வாசலில் இத்தனை நியாயம் பேசியபோதெல்லாம் இங்கே சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"படுடி," என்றாள் திலே. "யாரும் இல்ல. எல்லாரும் போயிட்டாங்க. படுடி, என் தங்கமே."

லூலே சுற்றியது. கம்பியில் இடித்துக்கொண்டு மறுபடி சுற்றியது.

பாஷ்க் வந்து பக்கத்தில் நின்றான். வாசலில் பட்ட அவமானம் முகத்தில் அப்படியே இருந்தது. கையில் பீர் பாட்டில் இருந்தது.

"குடுக்காம நிறுத்தாது திலே. அப்பா ஒரு தடவை மறந்துட்டுப் போயிட்டாரு. விழுற வரைக்கும் சுத்துச்சு."

"குடுத்தா தூக்கம் போயிடும்."

"தெரியும்."

அவள் காத்திருந்து பார்த்தாள். லூலேயின் பின்னங்கால் மடங்கியது, விழப்போய் நிமிர்ந்து திரும்பவும் சுற்ற ஆரம்பித்தது. திலே அழுதுகொண்டே பாட்டிலைப் பிடுங்கி மூடியைத் திறந்தாள், கம்பிக்குள் நீட்டினாள். லூலே நின்றது. இரண்டு கையாலும் வாங்கி அண்ணாந்து குடித்தது. கண் நன்றாகத் திறந்துகொண்டது.

குடித்து முடித்ததும் உட்கார்ந்து, காலிப் பாட்டிலை அவளிடம் நீட்டியது, இன்னொன்றுக்கு.