நகம் பட்ட சுரைக்காய்

அன்னக்கொடி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். பிஞ்சா முற்றலா என்று பார்க்க, சுரைக்காயின் தோலில் கட்டைவிரல் நகத்தை வைத்துவிட்டாள். அது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

“போச்சு! நகம் வச்சுட்டேல்ல? இனி அது ஒனக்குத்தான்,” என்றாள் காய்க்கடை மொக்கம்மாள்.

“முழுசாவா? நான் ஒத்த ஆளு ஆத்தா. ஒரு சாண் வெட்டிக் குடு, மதி.”

“மதியாவது ரவியாவது! காலையில சிலமலையில பறிச்ச காயி. வெட்டுனா மிச்சத்த எவ வாங்குவா? தூக்கிட்டுப் போ.”

‘மதி’ என்றால் ‘போதும்’ என்று அர்த்தம். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் இருபது வருஷம் காய் எடுத்ததில் அவள் நாக்கில் ஒட்டிக்கொண்ட மலையாளம் அது. அங்கே கடை என்பது வாரம் ஒருமுறை லோடு ஏற்றி வரும் ஜீப்புதான். அது கொண்டுவந்ததை வைத்து வாரத்தை ஓட்டவேண்டும். புதன்கிழமை வந்தால் தக்காளி அழுகிவிடும். கணவன் போய் ஆறு வருஷம். மகள் பவித்ரா நர்சிங் படிக்க மதுரைக்குப் போனதும், முட்டிவலியைச் சாக்காகச் சொல்லி அன்னக்கொடி கீழே இறங்கிவிட்டாள். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. மாடியில் ஓர் ஒற்றை அறை.

இந்த இரண்டு மாதமாக, வேலை விட்டதும் கடைவீதியில் கைவீசி நடப்பதுதான் அவளுக்குத் திருவிழா. நாலு வெண்டைக்காய், ஒரு தக்காளி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அன்றைக்கு வேண்டியது அன்றைக்கு. யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்ற யோசனையே கிடையாது.

இன்றைக்குத்தான் முழம் நீளச் சுரைக்காயில் மாட்டிக்கொண்டாள். பையில் அடங்கவில்லை. கைப்பிள்ளையைப்போல இடுப்பில் சாய்த்துக்கொண்டு மளிகைக்கடைக்குப் போனாள்.

கடைக்கார ஜான் பார்த்ததும், “யக்கா, பிள்ளைக்கு என்ன பேரு?” என்றான்.

“பேரு வைக்கிறது கெடக்கட்டும். வெல்லம் வெட்டுற கத்தி எங்க? இத நாலா வெட்டு. ஒண்ணு ஒன் வீட்டுக்கு. எனக்கு நூறு பாசிப்பருப்பு போடு.”

“நெசமாவா? என்ன சமைக்கன்னு அவ மத்தியானத்துல இருந்து போன் போட்டு உயிர வாங்குறா,” என்று ஜான் சந்தோஷமாக வெட்டினான்.

அடுத்த தெருவில் தையல்கடை சாந்தகுமாரி மிஷினை நிறுத்தாமலே தலையாட்டினாள். “சுரைக்காயா? எனக்குச் சளி பிடிக்கும். வேணாம்.” அன்னக்கொடி நாலு எட்டு நடந்திருப்பாள். “ஏ, நில்லு! எங்க மாமியா விரும்பித் திங்கும். கொண்டா.”

மூன்றாவது துண்டு கீழ்வீட்டுப் பொன்னுமணிக்கு. வீட்டுக்காரி. மோட்டார் போடுவது, கேட்டைச் சாத்துவது தவிர இருவரும் இதுவரை எதுவும் பேசியதில்லை. துண்டை வாங்கி அவளும் நகத்தை வைத்துப் பார்த்தாள். “நல்ல பிஞ்சு,” என்று மட்டும் சொன்னாள்.

இடுப்புப் பாரம் இறங்கிய சுகத்தில் அன்னக்கொடி மாடியேறி அடுப்பைப் பற்றவைத்தாள். பருப்பு மலர்ந்ததும் சுரைக்காயை நறுக்கிப் போட்டாள். இரண்டு வற்றல், கொஞ்சம் சீரகம், ஒரு கீற்றுத் தேங்காய் அரைத்து ஊற்றினாள். சின்ன வெங்காயமும் கடுகும் தாளித்துக் கொட்டியபோது அறை முழுக்க மணத்தது. அரை உழக்குச் சோறு. ஒற்றைத் தட்டு. சப்பணமிட்டு உட்கார்ந்து, முதல் கவளத்தைப் பிசைந்தாள்.

கதவு தட்டப்பட்டது. பொன்னுமணி மூச்சு வாங்க நின்றாள். “சுரைக்காயத் துருவி அடை சுட்டேன். சூடு ஆறுறதுக்குள்ள தின்னு.”

அடையை வாங்கி வைப்பதற்குள் வாசலில் ஜான், கையில் தூக்குவாளி. “யக்கா, வீட்ல புளிக்குழம்பு வச்சா. மொதக் கரண்டி ஒங்களுக்குத்தானாம்.” கொடுத்த கையோடு, கடையில் ஆளில்லை என்று இறங்கி ஓடினான்.

அன்னக்கொடிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. மாடிக்கு வந்த இந்த இரண்டு மாதத்தில் அவள் கதவை யாரும் தட்டியதே இல்லை. “அக்கா, இத்தனையும் நான் ஒருத்தி தின்னு தீர்க்கவா? உக்காருங்க,” என்று பொன்னுமணியின் கையைப் பிடித்து இழுத்தாள். வீட்டில் இன்னொரு தட்டு இல்லை. குக்கர் மூடியை மல்லாத்தி அதில் சோற்றைப் போட்டாள்.

பொன்னுமணி கூட்டை ஒரு வாய் வைத்துவிட்டு யோசித்தாள். “பெருங்காயம் போடலையா?”

“எனக்குப் பிடிக்காதுக்கா. போடல.”

அதை இப்படிப் பட்டென்று சொன்னது அன்னக்கொடிக்கே புதிதாக இருந்தது. பொன்னுமணி இன்னொரு கரண்டி கூட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“கெட்டியா வச்சிருக்கே. எங்க வீட்டுல தண்ணியா வச்சாத்தான் எறங்கும் அந்த மனுசனுக்கு,” என்றாள் வாய் நிறையச் சோற்றோடு.

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. “அன்னக்கொடி! கதவ வெரசாத் தொற, கை சுடுது!” என்று சாந்தகுமாரியின் குரல் பாதிப் படியிலிருந்தே கூவியது.