மூன்று நிமிடம்

கோல்ஃப் ஆட்டத்தின் கடைசிக் குழிக்கு வந்தபோது கீத்தும் ஆர்மானும் சமமாக நின்றார்கள். கீத்துக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. யார்க்‌ஷரில் ஓடு விற்றுக் காசு பார்த்த ஆங்கிலேயன், வயது அறுபத்தாறு. எதிரே ஆடுகிற ஆர்மானுக்கு எழுபத்தொன்பது. அந்தக் கிழவரிடம் தொடர்ந்து ஆறு வருஷம் தோற்றிருக்கிறான். கோப்பை என்று பெயருக்கு ஒரு காலிக் கடுகுச் சாடி. ஆறு வருஷமாக அது ஆர்மான் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது; ஆட்டத்தன்று மட்டும் அவர் பையில் வரும்.

பாரிசுக்கு வடக்கே காட்டுக்குள் இருக்கும் அந்த கோல்ஃப் மைதானத்தில், உறுப்பினர் அழைக்காமல் ஒரு ஈ கூட நுழைய முடியாது. வருஷம் தவறாமல் கீத்தையும் அவனுடைய கூட்டாளி பேரியையும் அழைப்பவர் ஆர்மான்தான். தின்பது அவர் சாப்பாடு, குடிப்பது அவர் ஒயின். ஆனாலும் கீத்துக்கும் பேரிக்கும் பிரெஞ்சுக்காரர்களை நாலு வார்த்தை திட்டாவிட்டால் தின்றது செரிக்காது.

"சண்டைன்னா வெள்ளைக்கொடியத் தூக்கிருவானுங்க," என்பான் பேரி. "மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் கடைசி மூச்சு வரைக்கும் போராடுவானுங்க."

"ஆட்டத்துலயும் திருட்டுப் பசங்க," என்பான் கீத். ஆர்மான் திருடி அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்று காலை ஆட்டம் தொடங்கும்போது ஆர்மான் கையுறையை மாட்டிக்கொண்டே சொல்லியிருந்தார்: "எனக்கும் என் மக செசிலுக்கும் ஒரு ஒப்பந்தம். நான் அடிச்ச பந்து எங்க விழுந்துச்சுன்னு என் கண்ணுக்குத் தெரியாமப் போற அன்னைக்கு, கார் சாவி அவ கைக்குப் போயிரும். வீட்டப் பூட்டிட்டு லியோனுக்கு அவகூடப் போயிரணும். மாடியில ஒரு ரூம் தயாரா வெச்சிருக்கா. ஜன்னலத் திறந்தா கார் நிறுத்துற இடம் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது." பிறகு சிரித்தார். "இன்னும் பத்து வருஷம் அவளக் காக்க வைப்பேன், பாருங்க."

இப்போது ஆர்மான் அடித்த பந்து வளைந்து போய் ஓரத்து ஊதாப் பூப்புதரில் விழுந்தது. "அந்த ஒத்தப் பைன் மரத்துக்கு இந்தப் பக்கம், ரெண்டு எட்டுல," என்றார்.

கீத் முதலில் போய்ச் சேர்ந்தான். பைன் மரத்திலிருந்து சரியாக இரண்டு எட்டில், மழையில் நனைந்த மணல்மேல் பந்து பளிச்சென்று கிடந்தது. அவன் அதன்மேல் காலை வைத்தான். குதிகாலை அழுத்தினான். மணல் வாங்கிக்கொண்டது.

ஆர்மான் வந்து தேடினார். குனிந்து தேடினார், பிறகு மண்டியிட்டே தேடினார். புதரைக் கையால் விலக்கி விலக்கி வந்தவரின் விரல்கள் கீத்தின் ஷூவில் பட்டன.

"மன்னிச்சுக்கங்க, உங்க காலு," என்று கையை இழுத்துக்கொண்டார்.

"பரவாயில்ல," என்றான் கீத். அசையவில்லை.

பாதையில் நின்ற பேரி கத்தினான்: "என்னடா, அந்தாளு பந்தும் சரணடைஞ்சிருச்சா?"

கீத் சிரித்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தேடுவதற்கு மூன்று நிமிடம்தான் விதி; தாண்டினால் பந்து தொலைந்த கணக்கு. "டைம் ஆயிருச்சு, ஆர்மான்."

ஆர்மான் எழுந்தார். முழங்காலில் மணல். தொப்பியைக் கழற்றி, ஆட்டத்தை விட்டுக்கொடுத்துக் கைகுலுக்கினார். கண் மட்டும் பைன் மரத்திலேயே இருந்தது. "நான் பாத்தேனே," என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

காலைத் தூக்கினால் போதும். சாப்பாட்டின்போது சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டான் கீத். சாடி ஒரு தடவை கைக்கு வரட்டும்.

சாப்பாட்டுக்கு நடுவே ஆர்மான் வெளியே போய் மகளிடம் போனில் பேசிவிட்டு வந்தார். கடுகுச் சாடியைப் பையிலிருந்து எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, கீத்தின் முன்னால் வைத்தார். "செசில் அஞ்சு மணிக்கு வர்றா. சாவியக் கொடுத்துரணும்."

கீத் வாயில் இருந்த இறைச்சியை அவசரமாக விழுங்கினான். "ஒரு பந்துதானே? எல்லாருக்கும் தொலையுறதுதான்."

"தொலைஞ்சது பெரிசில்ல. இங்கதான் விழுந்துச்சுன்னு சத்தியமே பண்ணியிருப்பேன். இல்லாததப் பாக்குற கண்ணு இது. நாளைக்கு ரோட்டுல ஒரு குழந்தை குறுக்க வந்தா?" ஆர்மான் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் சேர்த்து வைத்தார். "பேச்சுன்னா பேச்சுதான்."

சொல்லியிருக்கலாம். என் காலுக்கு அடியில இருந்துச்சு என்று ஒரே வாக்கியம். ஆனால் பேரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஊருக்குப் போனால் பேரி ஊரெல்லாம் சொல்வான். கீத் கோழை. ஒயினை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான்.

பேரி அவன் விலாவில் இடித்தான். "பாத்தியா, கடைசியில வெள்ளைக்கொடிதான்!"

செசிலின் கார் வந்து நின்றது. காலையில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிய ஆர்மான், இப்போது கிளப் வாசலின் மேல்படியில் நின்று காலால் விளிம்பைத் துழாவினார்.

"கீத், கொஞ்சம் கையப் பிடிக்கிறீங்களா? எத்தன படின்னே சந்தேகமா இருக்கு."

கீத் சாடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் முழங்கையைப் பிடித்தான். "ஒண்ணு," என்றான். "ரெண்டு. இன்னும் நாலு இருக்கு." ஆர்மான் அவன் சொன்னபடியே கால் வைத்து இறங்கினார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.