டோடோல் யாரையும் கடிக்கவில்லை

1

இந்தக் கதை எனக்கு இஸ்திரி போட்ட சட்டைகளோடு வந்தது. நான் இப்போது வசிக்கும் பிஞ்சாய் ஊரில் துணி போடும் சலவைக்கடை ஹெர்னிதாவுடையது. போன மழைக்காலத்தில் ஒரு காலை, சட்டைகளை வாங்கப் போனேன். அவர் மூட்டையை ஒரு கையால் நீட்டிவிட்டு, மறு கையால் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தார். படத்தில் இருந்தது பாம்பின் மலம். ஏராளமாக.

"பாருங்க, போயிருச்சு" என்றார், வீட்டில் பிரசவம் நல்லபடியாக முடிந்த முகத்தோடு.

அந்த முகத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உட்கார்ந்ததும் கை வேறு பக்கம் இழுத்தது. மலைப்பாம்பு என்று வந்துவிட்டால் யாரையாவது கடிக்க வேண்டாமா?

2

முதல் தொடக்கம்: "வீட்டின் பின்கட்டில், இருட்டுக்குள், அது காத்துக்கொண்டு

(காத்துக்கொண்டெல்லாம் இல்லை. பிளாஸ்டிக் தொட்டியில் ஈரப்பாசிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது.)

இரண்டாம் தொடக்கம்: "மூத்தாள் மகனைப் பிடிக்காத சிற்றன்னைக்கு, அவன் விட்டுப்போன பாம்பை மட்டும் எப்படிப் பிடிக்கும்?"

(எடுப்பாக இருக்கிறது. ஆனால் பொய்.)

மூன்றாவது, நடந்தபடியே: ஹெர்னிதாவின் கணவர் சஹ்ருல், எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். அவருடைய முதல் மனைவியின் மகன் ஃபெர்டியன். அவனுக்குக் கடல் கடந்து பாத்தாம் தீவில், கப்பல் கட்டும் துறையில் வெல்டிங் வேலை கிடைத்தது. தங்கும் விடுதியில் பாம்புக்கு இடமில்லை. முட்டையிலிருந்து வந்த நாள் முதல் அவன் கையிலேயே வளர்ந்த ரத்த மலைப்பாம்பு அது. நீளம் அதிகமில்லை, பருமன்தான், மனிதத் தொடை அளவு. நிறம் கருஞ்சிவப்பு. அதனால் டோடோல் என்ற இனிப்பின் பெயரையே வைத்திருந்தான். (நம் கீழக்கரைத் தொதலும் இந்த ஊர் டோடோலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.)

கிளம்பும் முன் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். தண்ணீர்க் குண்டா எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். எலி அடிக்கடி கூடாது. தூக்குவதற்கு முன் கொக்கிக் கம்பியால் உடம்பில் மெல்லத் தொட்டு, ஆள் வந்திருப்பதைத் தெரிவிக்க வேண்டும். தலைப்பக்கம் கை போகவே கூடாது. இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கித் தூக்க வேண்டும். தொங்கவிட்டால் அதற்குப் பிடிக்காது.

* அவன் ஹெர்னிதாவை 'மாக் சிக்' என்பான். சொல்லைப் பிரித்தால் 'சின்ன அம்மா'. எனவே இனி சித்தி என்றே எழுதுகிறேன்.

* பனந்தோட்டங்களில் இந்தப் பாம்பைப் பிடித்துத் தோலுக்கு விற்பது இங்கே பலருக்கும் பிழைப்பு. "செருப்பாகப் போறதுக்குத் தொட்டில் கட்டுறாங்க" என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள்.

3

மழை பிடித்தது. ஊரெல்லாம் போர்வை. பாவம், இதற்கும் குளிருமே என்று ஹெர்னிதா தொட்டியை இழுத்து இஸ்திரி மேசைக்கும் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் நடுவில் வைத்தார். பிள்ளையை அடுப்போரம் படுக்க வைக்கிற பாசம்.

அதற்குப் பிறகுதான் டோடோல் மாறியது. மூடியைத் திறந்தால் துருத்தி ஊதுவதுபோல் மூச்சு விட்டது, தொட்டியே அதிர்ந்தது. தொட்டிச் சுவரில் பாய்ந்து மோதியது. எலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. சட்டை முழுசாக உரியாமல் கிழிந்த காகிதம்போல் ஒட்டிக்கொண்டிருந்தது. மலம் கழித்து மாதக்கணக்காகிவிட்டது. ஃபெர்டியனுக்காக ஏங்குகிறது என்று முதலில் நினைத்தார் ஹெர்னிதா. பிறகு, தன்னைத்தான் அதற்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினார். சோறு இறங்கவில்லை.

சஹ்ருலை இந்த இடத்தில் வில்லனாக்கப் பார்த்தேன். வசனம்கூடத் தயார். ஆனால் அவர் தட்டை ஒதுக்கிய மனைவியைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்:

"சாகறதுக்கு முன்னாடி தோல்காரங்கிட்ட குடுத்துரலாம். ஓடிப்போச்சுன்னு பையங்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் பேச வேணாம்."

"ஓடுற பாம்பாங்க இது? தண்ணிக் குண்டா வரைக்கும் போறதுக்கே ஒரு நாள் யோசிக்குது."

4

முடிவு (அ): தோல்காரன் வருகிறான். ஹெர்னிதா தொட்டியைத் திறக்கிறார். பாம்பு அவர் மணிக்கட்டில்

முடிவு (ஆ): ஃபெர்டியன் ஊர் திரும்பும்போது தொட்டி காலி. பிறகு அவன் அந்த வீட்டுப் படியை

இரண்டையும் எழுதினேன். இரண்டும் எனக்கு நன்றாக வரும். அதனால்தான் சந்தேகம் வந்தது.

உண்மையில் ஹெர்னிதா செய்தது, தொலைபேசியை எடுத்தது. வீட்டுக்கு எத்தனையோ தடவை பேசியிருக்கிறான் ஃபெர்டியன், எல்லாம் அப்பாவோடுதான். பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. தன்னோடு பேசப் பிடிக்காமல்தான் கேட்கவில்லை என்று அவர் நினைத்திருந்தார். அவனுடைய சாப்பாட்டு வேளையில் கூப்பிட்டார்.

"டோடோலுக்கு ஒடம்பு சரியில்லப்பா. நான்தான் என்னவோ தப்பு பண்ணிட்டேன்."

அந்தப் பக்கம் எங்கோ இரும்பில் இரும்பு தட்டும் ஓசை.

"சித்தி, அது இன்னும் வீட்டுலயா இருக்கு?"

"வீட்டுல இல்லாம எங்க இருக்கும்?"

"வித்திருப்பீங்கன்னு நெனச்சேன். வித்துட்டோம்னு சொல்லிருவீங்களோன்னுதான் கேக்கவே இல்ல."

"கேட்டிருக்கலாமேடா" என்றார் ஹெர்னிதா. பையனை 'டா' போட்டது அதுதான் முதல் முறை என்று பிற்பாடுதான் அவருக்கே உறைத்தது.

தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டான். சொன்னதும் சிரித்துவிட்டான்.

"அய்யோ சித்தி, அது சேத்துல கெடக்குற ஜாதி. அனல்ல வெச்சா யாருக்குத்தான் கடுப்பு வராது? ஊதுறது கோவமும் இல்ல. பயம். கிட்ட வராதீங்கன்னு கெஞ்சுது."

மலம் கழிக்க மாதக்கணக்காவது இந்த இனத்துக்குப் புதிதில்லை என்றான். நிழலுக்கு மாற்றி, பாசியை நனைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் கிடத்தச் சொன்னான்.

(இங்கே சித்தியையும் மகனையும் பாம்பின் மூச்சோடு ஒப்பிட்டு ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன். உங்கள் மனதிலும் ஓடியிருக்கும். நீங்களும் அடித்துவிடுங்கள்.)

5

தொட்டியைக் குளியலறைப் பக்கம் மாற்றினார்கள். சஹ்ருல் உதவிக்கு வந்தார், தலைக்கவசம் மாட்டிக்கொண்டு. ஹெர்னிதா கொக்கியால் தொட்டார். டோடோல் ஊதியது. கையை எடுக்காமல், நெருங்கவும் செய்யாமல் அப்படியே நின்றார். மூச்சு மெல்ல அடங்கியது. இரண்டு கையையும் வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். நனைந்த ஜமுக்காளத்தின் கனம். அது அவர் முழங்கையில் தாடையை வைத்துக்கொண்டது.

துணி அலசும் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர். நடுவில் சில நாள் விட்டு, மறுபடியும். ஒட்டியிருந்த சட்டை ஊறிக் கழன்றது. ஒரு காலை பல் துலக்கப் போன சஹ்ருல் குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஹெர்னி, இங்க வா. பேசினுலயே போயிருச்சு."

இவர் ஓடிப்போய்ப் பார்த்தார். இருவரும் ஈரப்படியில் உட்கார்ந்து சிரித்தார்கள். பேசினைக் கழுவியது சஹ்ருல்தான். மூக்கைச் சட்டைக் காலருக்குள் புதைத்துக்கொண்டு. ஹெர்னிதா படத்தைப் பாத்தாமுக்கு அனுப்பினார். சாப்பாட்டுக் கூடத்தில் மேசை மேசையாய்ப் போய்க் காட்டியதில், சோற்றுத் தட்டோடு தன்னை வெளியே துரத்திவிட்டார்கள் என்று ஃபெர்டியனிடமிருந்து பதில் வந்தது. மறுவாரம் டோடோல் எலியை விழுங்கியது.

6

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கதை நகர்ந்துவிட்டது. ஃபெர்டியனுக்குத் தனியாக ஒரு வாடகை அறை கிடைத்திருக்கிறது. வீட்டுக்காரர் பாம்புக்கும் சரி என்றுவிட்டாராம். பெருநாளுக்கு வருகிறான். "டோடோலைக் கூட்டிட்டுப் போகட்டுமா சித்தி?" என்று கேட்டிருக்கிறான்.

நல்ல சிக்கல். அவர் கொடுத்துவிட்டு வெறும் தொட்டியைப் பார்க்கலாம். கொடுக்க மறுக்கலாம். பாம்பே இவரிடம் ஒட்டிக்கொள்வதாக எழுதலாம். (அப்படியெல்லாம் ஒட்டாது. யார் தூக்கினாலும், ஒழுங்காகத் தாங்கினால் அதற்குப் போதும்.) என்ன பதில் சொன்னீர்கள் என்று ஹெர்னிதாவிடமே கேட்டேன்.

"மொதல்ல நீ வா, சாப்ட்டுட்டுப் பேசிக்கலாம்னு சொன்னேன்."

சாப்பிட்ட பிறகு அவர்கள் என்ன பேசுவார்கள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். என்னைவிட நன்றாகவே வரக்கூடும். பாம்பு உயிரோடிருக்கிறது, பையன் வந்துகொண்டிருக்கிறான். இதற்கு மேல் ஒரு வரி சேர்க்க எனக்குத் துணிவில்லை.