தக்காளிக்கு ஆகாத மருந்து

புதன்கிழமை காலை, பாப்பாரப்பட்டியில் என் தங்கை லூர்து மேரி வாழ்க்கைப்பட்ட வீட்டில் கூடியிருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடமும்: அவளுடைய கணவன் சவரி, வாசற்படியில், ஓடத் தோதாக. அவன் அண்ணன் சின்னப்பன், நடுக்கூடத்தில், காலிப் பூச்சிமருந்து டின்னைக் கவிழ்த்து அதன் மேல். சின்னப்பன் மனைவி ராஜமேரி, அவன் முதுகுக்குப் பின்னால், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. நான், பெஞ்சில், காகிதமும் பேனாவுமாக. லூர்து மேரி, கடைசிச் சுவரோரம், சாக்கின் மேல், தனியாக.

அவள் கழுத்தில் கட்டி. வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்க, திங்கட்கிழமை பெங்களூர் ஆஸ்பத்திரியில் கேலியம் என்ற உலோகம் கலந்த கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். அது கட்டியில் போய்த் தங்கும். வியாழக்கிழமை கருவியில் படம் எடுத்தால் இடம் தெரியும். நாள் தப்பினால் மருந்து அடங்கிவிடும். அடுத்த மருந்து வர ஒரு மாதமாகும். பக்கத்தில் உட்காருவதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னதை மூன்று முறை சொல்லிவிட்டேன். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

"மச்சான், ஒரு வாரம் கழிச்சு அனுப்பறோம்னு ஆஸ்பத்திரிக்கு எழுதுங்க," என்றான் சின்னப்பன். "இவ இப்ப பஸ் ஏறுனா விசயம் பாலக்கோட்டு மண்டிக்கு எட்டிரும். இந்த வூட்டுத் தக்காளிய எவன் தொடுவான்?"

"நீங்க தக்காளிக்கு அடிக்கறது மட்டும் பன்னீருங்களா மாமா?" என்றாள் லூர்து மேரி. "அந்த டின்னு மேலதான் உக்காந்திருக்கீங்க."

"அது கம்பெனி மருந்து!"

"ஊசி போட்டும் வாய் மட்டும் அடங்கல பாரு," என்றாள் ராஜமேரி.

"மாப்ளே, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"அண்ணன் சொன்னா சரிங்க," என்றது வாசற்படி.

"கடுதாசி எப்பண்ணா போய்ச் சேரும்?" என்று லூர்து மேரி கேட்டாள்.

"சனிக்கிழமை."

எழுந்தாள். பையை எடுத்தாள். நேராக வாசலைப் பார்த்து நடந்தாள். "புடிடா அவள!" என்று கத்திய சின்னப்பனே டின்னை இழுத்துக்கொண்டு ஒதுங்கினான். சவரி படியிலிருந்து தெருவுக்குக் குதித்தான். தடுக்க வேண்டுமானால் தொட வேண்டும். தொடுகிற தைரியம் அங்கே எவனுக்கும் இல்லை. நான் பேனாவை மூடிக்கொண்டு பின்னால் போனேன்.

வியாழக்கிழமை படம் எடுத்தாயிற்று. ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்தே சவரிக்கு எழுதினேன்:

"மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு, கழுத்தில் ஒன்று, நெஞ்சுக்குள் ஒன்று. வயிறு சுத்தம். திங்கட்கிழமை வைத்தியம் ஆரம்பம். வந்த பஸ்ஸில் அறுபது பேர். ஓர் அம்மாள் ஓசூர் வரை இவள் தோளில் தூங்கினார். நல்லபடியாக எழுந்து இறங்கிப் போனார். நீங்களும் வரலாம். உட்கார இங்கேயும் படிகள் உண்டு."

லூர்து மேரி வாங்கிப் படித்தாள்.

"அவருக்கு மதிப்பெல்லாம் எதுக்குண்ணா? அடிச்சிடு."

அடித்தல் திருத்தல் உள்ள கடிதத்தை நான் இதுவரை யாருக்கும் அனுப்பியதில்லை. முதல் சொல்லை அடித்தேன், பசை தடவி ஒட்டினேன், கேட்டுக்கு வெளியே இருந்த தபால் பெட்டியில் போட்டேன்.